பெரிய பச்சைத் துண்டு

வரும் வெள்ளிக்கிழமையோடு நான் ரிட்டயர்டு. இருபத்தெட்டு வயதில் ரிட்டயர்டா என்று சிரிக்காதீர்கள். ஐந்து வருடம் ஒரே கம்பெனியில், ஒரே நாற்காலியில், ஒரே நாட்டின் ஒரே முந்நூறு வருடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு அந்த வார்த்தையைச் சொல்ல முழு உரிமை உண்டு. கன்டென்ட் டீமுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் ஆறு பேரும் நேற்று கேன்டீனில் என்னைச் சூழ்ந்துகொண்டு, "அக்கா, ஏதாவது டிப்ஸ் குடுங்கக்கா" என்றீர்கள். டிப்ஸ் என்னிடம் இல்லை. ஒரு நாள் இருக்கிறது. காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை வரை. அதைத்தான் தரப்போகிறேன்.

முதலில் நம் வேலையின் கெத்தைப் புரிந்துகொள்ளுங்கள். ஒரகடத்தில் பாதி கம்பெனி கார் செய்கிறது, மீதிப் பாதி அந்தக் காருக்குக் கதவு, கண்ணாடி, சீட்டு செய்கிறது. நடுவில் நம் கம்பெனி மட்டும் அட்லாண்டிக்கைத் தாண்டிய மரக்கப்பலைச் செய்கிறது! விர்ஜீனியாவில் முதலில் குடியேறியவர்கள் கட்டிய முக்கோணக் கோட்டையைச் செய்கிறது. பாஸ்டன் துறைமுகத்தில் கவிழ்த்த தேயிலைப் பெட்டியைச் செய்கிறது. அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சரித்திரப் பாடத்துக்குக் கையில் வைத்து விளையாடும் மரப்பெட்டிகள் இங்கே, இந்த ரோட்டில், டிரெய்லர் லாரிகளின் ஹாரன் சத்தத்துக்கு நடுவில் தயாராகின்றன. செம விஷயம் இல்லையா? எனக்கு இன்றைக்கும் புல்லரிக்கிறது.

நான் சேர்ந்தபோது எம்.ஏ. ஹிஸ்டரி முடித்து மூன்று மாதம். "ஹிஸ்டரி படிச்சா இன்னா வேலை கெடைக்கும்?" என்று செங்கல்பட்டில் எங்கள் தெருவே கேட்டது. வேலை கிடைத்தது. சரித்திரம் சரியா, தப்பா என்று பார்த்துச் சொல்லும் வேலை! சேர்ந்த இரண்டாவது வாரமே சிக்ஸர் அடித்தேன். தேயிலைப் பெட்டியின் மேல்மூடிக்கு வந்திருந்த படத்தில் யானை, மலைச்சரிவு, கூடை தூக்கிய பெண்கள். நான் எழுந்து நின்று சொன்னேன்: "சார், பாஸ்டன்ல கடல்ல கொட்டுனது நம்ம ஊரு டீ இல்ல. சீனா டீ. கிழக்கிந்தியக் கம்பெனி சரக்குதான், ஆனா வெளைஞ்சது சீனாவுல. அஸ்ஸாம்ல தோட்டம் போட்டதெல்லாம் அதுக்கு அறுபது எழுபது வருஷம் கழிச்சு." புரொடக்‌ஷன் மேனேஜர் காதில் செருகியிருந்த பேனாவை எடுத்தார், படத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார், என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அவ்வளவுதான். அன்றிலிருந்து தரையில் கால் பாவவில்லை. பேக்கிங் லைனில் எனக்கு 'ஹிஸ்டரி மேடம்' என்று பெயர் விழுந்தது. யாராவது எதையாவது கேட்டால், கேள்வி முடிவதற்குள் என் பதில் முடிந்திருக்கும்.

அந்த வேகம்தான் என் பிரச்சினை. அது அப்போது எனக்குத் தெரியாது.

பேக்கிங் லைனின் லீடர் மேகலாக்கா. வடக்குப்பட்டுக்காரர். விவசாயக் குடும்பம், நிலத்தில் ஒரு பகுதி பக்கத்து ஃபாக்டரியின் சுற்றுச்சுவருக்குள் போய்விட்டது, மீதியில் இன்னமும் நெல் போடுகிறார்கள். ஆறு வருடமாகக் கான்ட்ராக்ட்டில் இருந்தார். நான் சொல்லப்போகும் நாள் வந்த வாரத்தில், பெர்மனென்ட் ஆகப் போகிறவர்களின் பட்டியல் தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டும். எங்கள் யூனிட்டிலிருந்து நான்கு பேர், அதில் மேகலாக்கா முதல் பெயர். பட்டியலில் பெயர் இருக்கும் வாரத்தில் கைத்தவறு ஒன்று பதிவானாலும் பெயர் போய்விடும், அடுத்த பட்டியல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. இதெல்லாம் லைன் முழுக்கத் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும்.

அன்று பேக்கிங்குக்கு வந்தது ஒரு புது மாடல். பதிமூன்று காலனி வரைபடம். பிரிட்டிஷ்காரனிடமிருந்து பிரிந்து முதலில் ஒரு நாடாகச் சேர்ந்த பதிமூன்று காலனிகளையும் மரத்தில் வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் அடித்து, துணிப்பையில் போட்டு, பெயர் எழுதிய பதிமூன்று ஸ்டிக்கரும் வைத்து, மடித்து உறைக்குள் ஒட்டி மூடிய வரைபடத் தாள் ஒன்றையும் வைத்து அனுப்ப வேண்டும். பிள்ளைகள் தாளை விரித்து, மரத்துண்டுகளை அதன்மேல் பொருத்தி, பெயரை ஒட்ட வேண்டும். ஆயிரத்து இருநூறு பெட்டி. மதியம் மூன்று மணிக்குக் கன்டெய்னர் துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டும். சரக்கு போவது அந்த நாட்டின் வடகிழக்கு மூலையில் இருக்கும் பள்ளிக்கூடங்களுக்கு. அங்கே பள்ளி திறக்கும் நாளைக்குள் போய்ச் சேர வேண்டும்.

காலை எட்டரை. நான் லேட். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் எட்டாவது ஆளாகப் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டு வந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. மேகலாக்கா.

"ஹிஸ்டரி மேடம், ஒரு டவுட்டு. கலர் பதிமூணு, ஸ்டிக்கர் பதிமூணு. கட்டிங்லேந்து வர்ற கட்டுல துண்டு பதினாலு கீது. பச்சைல ரெண்டு. பெருசு ஒண்ணு, சின்னது ஒண்ணு."

"பதிமூணுதாங்க்கா. இது எல்.கே.ஜி. கொஸ்டின்."

"இல்ல மேடம், ரெண்டும் ஒரே பச்சையா கீதே, ஒண்ணோட ஒண்ணு சேந்ததோ இன்னாவோ. சாம்பிள் பீரோ சாவி வெச்சிருக்கிறவரு ட்ரெய்னிங் போயிட்டாரு. நீ வந்து ஒரு தபா பாத்துட்டின்னா..."

"அக்கா, பச்சை எது? மாசசூசெட்ஸ். அது இத்தனூண்டு ஸ்டேட். சின்னதுதான் ஒரிஜினல். பெருசு கட்டிங்காரங்க தப்பா சேத்துட்டாங்க. எடுத்துப் போட்டுட்டு ஓட்டுங்க."

"வந்து பாக்கறியா?"

"நான் சொல்றேன்ல!"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள் என்னைத் திரும்பிப் பார்த்தார். பெரிய அதிகாரி போலிருக்கிறது என்று நினைத்திருப்பார். எனக்கு அந்தப் பார்வை பிடித்திருந்தது. உண்மையைச் சொல்கிறேன்.

இப்போது உங்களுக்கு ஒரு பாடம். வேகமாகக் கேளுங்கள், இது பரீட்சைக்கு வரும். மாசசூசெட்ஸ் இன்றைக்குச் சின்ன மாநிலம்தான். ஆனால் காலனிக் காலத்தில் அது ஒரே துண்டாக இல்லை. தெற்கே ஒரு துண்டு. நடுவில் நியூ ஹாம்ப்ஷயர் ஆப்பு அடித்த மாதிரி கடல்வரை வந்து நிற்கிறது. அதற்கு வடக்கே, கனடாவை ஒட்டி, காடும் கடலுமாக ஒரு பெரிய நிலம். அதுவும் மாசசூசெட்ஸ்தான்! நாடு பிறந்து, அரசியல் சட்டம் எழுதி, நான்கு ஜனாதிபதிகள் வந்து போய், ஐந்தாமவர் காலத்தில்தான், 1820-இல், அந்த வடக்குத் துண்டு தனியாகப் பிரிந்து மெய்ன் என்று ஒரு மாநிலமானது. ஆக, பதிமூன்று காலனியை மரத்தில் வெட்டினால் பதினாலு துண்டு வரும். வந்தே தீரும். கட்டிங்காரர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை.

இதை நான் படித்திருந்தேனா? படித்திருந்தேன். செமஸ்டரில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். மாசசூசெட்ஸ் சின்னது என்பது சட்டென்று ஞாபகம் வந்தது, மற்றது வரவில்லை. ஒன்றும் படிக்காதவளாக இருந்திருந்தால் "வந்து பாக்கறேங்க்கா" என்று சொல்லியிருப்பேன். நம்மைத் தேடிக் கிளம்பிய கப்பல் கேப்டன் எங்கேயோ ஒரு தீவில் இறங்கிவிட்டு, இதுதான் இந்தியா என்று சாகும்வரை நம்பினானே, அவனும் ஒன்றும் தெரியாத ஆள் இல்லை. அரைகுறையாகத் தெரிந்த ஆள். அங்கே இருந்தவர்களை "நீங்கள் யார்?" என்று கேட்காமல் அவனே அவர்களுக்குப் பெயர் வைத்துவிட்டான். நானும் ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு அதையேதான் செய்தேன்.

ஆபீஸுக்கு வந்து, மெயில் பார்த்து, டீ குடித்து, பத்தே முக்காலுக்கு பேக்கிங் பக்கம் போனேன். எதற்கு? போட்டோ எடுக்க! புது மாடலைப் பிரித்து அடுக்கி, அழகாக ஒரு படம் எடுத்து ஸ்டேட்டஸ் போட. ஒரு பெட்டியைப் பிரித்தேன். வரைபடத் தாளை மேஜையில் விரித்தேன். ஜார்ஜியாவிலிருந்து ஆரம்பித்து மேலே மேலே வந்தேன். கரோலினா இரண்டு, விர்ஜீனியா, மேரிலாண்ட், டெலவேர்... நியூ ஹாம்ப்ஷயர் வரை டக் டக்கென்று உட்கார்ந்தன. கையில் துண்டு தீர்ந்துவிட்டது.

தாளின் மேல்மூலையில், கோட்டுக்குள், வெள்ளையாக ஒரு பெரிய ஓட்டை.

அந்த ஓட்டைக்குள் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது: மாசசூசெட்ஸின் பகுதி.

 அந்தப் பெட்டிகள் போகும் இடமே அந்த மூலைதான். மெய்னில் ஏதோ ஒரு வகுப்பறையில் ஒரு பிள்ளை தாளை விரித்து, முதல் வேலையாகத் தன் ஊரைத் தேடும். அது இருக்கும் இடத்தில் ஓட்டை.

"இன்னாம்மா ஓட்டை?" பின்னால் மேனேஜர் குரல். கன்டெய்னர் எப்படி நிரம்புகிறது என்று பார்க்க வந்தவர். தாளைப் பார்த்தார். பொடி எழுத்தைப் படித்தார். பச்சைச் சின்னத் துண்டை எடுத்து வைத்தார், எடுத்தார். "இங்க வைக்கிற துண்டு எங்க?"

மேகலாக்கா வந்தார். ஓட்டையைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு நொடி என்னைப் பார்த்தார். ஒரே நொடி.

"எடுத்துட்டோம் சார். எக்ஸ்ட்ரா வந்துருச்சுன்னு."

"எத்தன பெட்டில?"

"தொள்ளாயிரம் முடிஞ்சிது சார்."

"யாரு எடுத்தது?"

"நான்தான் சார் எடுக்கச் சொன்னேன்."

"யார கேட்டு?"

மேகலாக்கா பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கதையில் முக்கியமான இடம் இதுதான், அதனால் மெதுவாகச் சொல்கிறேன். என் வாய் திறந்திருந்தது. 'நான்தான் சார்' என்று இரண்டு வார்த்தை. நான் புரொபேஷனில் இருந்தேன். எட்டரைக்கு நான் ஆட்டோவில் இருந்தது தெரிந்துவிடும். யானைப் படத்தை அடித்த கெத்து போய்விடும். இன்னொன்றும் தோன்றியது: மேகலாக்கா சொல்லட்டும், சொன்னதும் ஆமாம் என்று ஒப்புக்கொள்ளலாம். அவர் சொல்லவே இல்லை.

"ஆறு வருஷம் லைன்ல நின்னவங்க பண்ற வேலையா இது?" மேனேஜர் போனை எடுத்தார். ஹெச்.ஆருக்கு. "அந்த லிஸ்டு இன்னும் போகலையே? மேகலா பேர எடுத்துடுங்க. ஆமா. ரீசன் அப்பறம் சொல்றேன்."

லைனில் நாற்பது பேர் நின்றிருந்தார்கள்.  மேகலாக்கா முந்தானை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எடுத்த துண்டெல்லாம் நீல கிரேட்ல போட்டு வெச்சோம்" என்றார், மேனேஜரிடம் இல்லை, பொதுவாக.

"கிரேட் எங்க?"

கட்டிங் மெஷின் ஆபரேட்டர் இசக்கி ஓடி வந்தான். திருநெல்வேலிப் பக்கம், வல்லத்தில் ஒரே அறையில் ஆறு பேராகத் தங்கியிருக்கும் கூட்டத்தில் ஒருவன். "சார், மரக்கழிவு வண்டி வந்து அள்ளிட்டுப் போயிட்டாவ! இப்பதான், கால் மணி நேரம் இருக்கும். பாய்லருக்குப் போவும். எரிச்சிருவாவ!"

தொள்ளாயிரம் மெய்ன், பாய்லருக்குப் போய்க்கொண்டிருக்கிறது!

அந்த நொடியில் எனக்கு உயிர் வந்தது. "இசக்கி, பைக் சாவி இருக்கா?" என்று கத்தினேன். "சார், நாங்க போய்ப் புடிச்சிட்டு வர்றோம்!" பதிலுக்குக்கூட நிற்கவில்லை. ஓடினேன்.

அடுத்த ஒரு மணி நேரத்தை என்னால் இன்றைக்கும் மூச்சு வாங்காமல் சொல்ல முடியாது. கேட்டிலிருந்து வலது, சிக்னல், வாலாஜாபாத் ரோடு. கார் ஏற்றிய டிரெய்லர் ஒன்று ரோட்டையே அடைத்துக்கொண்டு போகிறது. இசக்கி அதன் இடது பக்கம் மண்ணில் இறங்கி ஓட்டுகிறான்.

"மேடம், கெட்டியா பிடிச்சிக்கிடுங்க. பள்ளம் கெடக்கு."

"வண்டி கலர் என்ன?"

"மஞ்ச. பொறத்தால தார்ப்பாய் கட்டிருக்கும். டிரைவருக்குப் போன் அடிச்சேன், எடுக்க மாட்டேங்கான்."

"ஏன்?"

"அவன்ட்ட ஒரு பழைய கணக்கு. கிரிக்கெட் மேட்ச்ல அவன அவுட்டுன்னு சொல்லிட்டேன். அதுலேந்து என் போன எடுக்கறதே இல்ல."

"அவுட்டா இல்லையா?"

"அவுட்டுதான் மேடம்! ஸ்டம்பு பறந்துட்டு!"

மூன்று மஞ்சள் வண்டிகளை விரட்டினோம். ஒன்றில் கோழி. ஒன்றில் தண்ணீர் கேன். மூன்றாவது, எடை மேடைக்கு முன்னால் வரிசையில் நின்றிருந்தது. டிரைவர் டீக்கடையில் வடையும் கையுமாக. இசக்கியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அண்ணே, பின்னாடி எங்க கிரேட் ஒண்ணு இருக்கு, அது வேணும்" என்றேன்.

"எறக்க முடியாது. மேல ரெண்டு கம்பெனி ரம்பத்தூள் மூட்டை கீது."

"நாங்களே எறக்கிக்கிறோம்."

"இவன் எறக்கறதுன்னா நான் வுட மாட்டேன்."

இசக்கி கையைக் கூப்பினான். "அண்ணாச்சி, நீங்க அவுட் இல்ல. நாட் அவுட்டு. நான் பாத்தது தப்பு. போதுமா?"

"நாலு பேர் எதிர்ல சொல்லு."

டீக்கடையில் ஆறு பேர் இருந்தார்கள். இசக்கி ஆறு பேருக்கும் கேட்கச் சொன்னான். ஸ்டம்பு பறந்த விஷயத்தை விழுங்கிவிட்டு, சத்தமாக, "தப்பு எம்மேலதான்!" என்றான். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான்! செய்யாத தப்புக்கு! நான் தார்ப்பாயை அவிழ்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

மூட்டைகளை இறக்கினோம். தலை முழுக்க ரம்பத்தூள். கீழே நீல கிரேட். உள்ளே பச்சை, பச்சை, பச்சை. ஒரு துண்டுகூட உடையவில்லை. நான் எடை மேடை வாசலில் நின்று விசிலடித்தேன். டிரைவரே ஒரு கை போட்டு கிரேட்டை பைக்கில் கட்டிக் கொடுத்தார்.

பதினொன்றே முக்காலுக்கு நாங்கள் கேட்டுக்குள் நுழைந்தபோது லைன் எங்களுக்காகத் தயாராக நின்றது. மேகலாக்காவின் வேலை. பட்டியலிலிருந்து பெயர் போனவர், போய் ஓரமாக உட்கார்ந்திருக்கலாம். அவர் அந்த ஒரு மணி நேரத்தில் தொள்ளாயிரம் பெட்டியையும் கன்டெய்னரிலிருந்து இறக்க வைத்து, லைனைத் தலைகீழாகத் திருப்பியிருந்தார். சீல் பிரிப்பவர்கள் முதலில், பை இழுப்பவர்கள் அடுத்து, நடுவில் பச்சை போடுபவர்கள், கடைசியில் மறுபடி சீல். சாப்பாட்டு மணி அடித்தது, ஒருவரும் நகரவில்லை.

என்னைத் தன் பக்கத்தில் பச்சை போட நிறுத்தினார். கை வேலை செய்துகொண்டே இருந்தது. குற்ற உணர்ச்சியை மறைக்க நான் பாடம் நடத்தினேன். தெற்கே ஒரு துண்டு, வடக்கே ஒரு துண்டு, நடுவில் நியூ ஹாம்ப்ஷயர் என்று.

"இதுல இன்னா அதிசயம்?" என்றார் மேகலாக்கா. "எங்க நெலமும் அப்படித்தான். வூட்டாண்ட கொஞ்சம், ஏரிக்கு அந்தாண்ட கொஞ்சம். நடுவுல வேற ஆளு கயனி. ஆனா பட்டா ஒண்ணு. ரெண்டும் ஒரே பச்சைன்ன ஒடனே, ஒரே ஆளு நெலம் போலன்னு எனக்குத் தோணிச்சு. அதத்தான் சொல்ல வந்தேன். நீ எங்க சொல்ல வுட்ட?"

எம்.ஏ. ஹிஸ்டரி. தலையில் ரம்பத்தூளோடு, நான் அடுத்த பையை எடுத்தேன்.

இரண்டு ஐம்பதுக்குக் கடைசிப் பெட்டி ஏறியது. கன்டெய்னர் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் லைன் முழுக்க ஒரே கைதட்டல், விசில். இசக்கி கிரேட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடினான். மேனேஜர் நேராக என்னிடம் வந்து கை நீட்டினார். "சூப்பர்மா! நீ கண்டுபுடிச்ச, நீயே தொரத்திப் போய் எடுத்துட்டு வந்த. நீ இல்லன்னா இன்னைக்கு என் கதை முடிஞ்சிருக்கும். எல்லாரும் பாருங்க, இப்படி இருக்கணும்!"

மறுபடி கைதட்டல். மேகலாக்காவும் தட்டினார். எல்லோரும் தட்டும்போது அவர் எப்படித் தட்டாமல் இருப்பார்?

கவனியுங்கள். காலையில் நான் வாய் திறக்காததைப் பயம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இப்போது வாய் திறக்காவிட்டால் அதற்குப் பெயர் வேறு. மேனேஜர் நீட்டிய கையை நான் பிடிக்கவில்லை.

"சார், காலைல எட்டரைக்கு மேகலாக்கா எனக்குப் போன் பண்ணாங்க. பதினாலு துண்டு வருது, வந்து பாருன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. நான்தான் பாக்காமயே எடுத்துப் போடச் சொன்னேன்."

கைதட்டல் அப்படியே நின்றது. ஒருவர் கை மட்டும் தெரியாமல் இன்னொரு முறை தட்டிவிட்டு நின்றது.

"காலைல இங்கதான நின்னுட்டு இருந்த? அப்ப ஏன் சொல்லல?"

"பயம் சார்."

"இப்ப?"

"இப்பவும் பயம்தான் சார்."

"உன் பயத்துக்கு அவங்க ஆறு வருஷத்தக் குடுக்கணுமா?"

 அவர் ஹெச்.ஆருக்குப் போன் போட்டார். பட்டியல் பன்னிரண்டு மணிக்கே போய்விட்டதாம், மூன்று பெயரோடு. திருத்த வேண்டுமானால் யார் செய்த தப்பு என்று செய்தவரே எழுத வேண்டும், ஐந்து மணிக்குள். மேனேஜர் போனை வைத்துவிட்டு என் நாற்காலியைக் காட்டினார்.

உட்கார்ந்து எழுதினேன். முதல் வரி: 'தகவல் பரிமாற்றத்தில் ஏற்பட்ட குறைபாடு காரணமாக...' நல்ல ஆபீஸ் வாக்கியம். யாரும் மாட்டிக்கொள்ளாத வாக்கியம். பின்னால் ஒருவர் நிற்பது தெரிந்தது. மேகலாக்கா.

"அதுல யாரு தப்பு பண்ணாங்கன்னு எழுதி கீது?"

அழித்தேன். 'எடுக்கச் சொன்னது நான். துண்டைப் பார்க்காமல் சொன்னேன். வந்து பார்க்கும்படி மேகலா இரண்டு முறை கேட்டார், நான் மறுத்தேன். காலையில் மேனேஜர் விசாரித்தபோது நான் அங்கேயே இருந்தும் சொல்லவில்லை.' நான்கு வரி. கடைசி வரியை எழுதத்தான் அதிக நேரம் ஆனது. நாலரைக்கு அனுப்பினேன். ஐந்து அடித்தது. ஐந்து பத்து. லைன் ஆட்கள் பஸ் ஏறாமல் கதவோரம் நின்றிருந்தார்கள். ஐந்து இருபதுக்குத் திருத்திய பட்டியல் வந்தது. மூன்று பெயர்கள் வரிசையாக இருந்தன. நான்காவது, வேறு அளவு எழுத்தில், அவசரமாக ஒட்டியதுபோல் கீழே: மேகலா, பேக்கிங்.

எனக்கு வந்தது தனி மெயில். புரொபேஷன் இன்னும் ஆறு மாதம். சரியான தண்டனைதான். கொஞ்சம் குறைவு என்றுகூடச் சொல்வேன்.

அன்றிலிருந்து நம் டீமில் போனில் பதில் சொல்வது கிடையாது. கூப்பிட்டால் எழுந்து போய், பொருளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறக்க வேண்டும். நீங்கள் ஆறு பேரும் இந்த வாரம் முழுக்க "எதுக்கு இத்தன தடவை லைனுக்கு நடக்க வுடறாங்க?" என்று முனகிக்கொண்டிருக்கிறீர்களே, காரணம் நான்தான்.

பஸ்ஸுக்குப் போகும் வழியில் மேகலாக்காவோடு நடந்தேன். "ஏங்க்கா, காலைல என் பேர ஏன் சொல்லல?"

"சொன்னா, நான் அப்படிச் சொல்லவே இல்லன்னு நீ சொல்லிட்டின்னா? போன்ல பேசுனதுக்கு என்னாண்ட இன்னா சாட்சி? நீ படிச்சவ. ஒன்ன நம்புவாங்களா, என்ன நம்புவாங்களா?"

"நான் அப்படியெல்லாம் சொல்லியிருக்க மாட்டேங்க்கா."

"அது எனக்கு எப்பிடித் தெரியும்?"

 சமாதானமாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "ஆனா துண்டத் தொரத்திட்டு எப்படிப் போனேன் பாத்தீங்களா?" என்றேன்.

"பாத்தேன். ஓடிட்டன்னு நெனச்சேன்."

  'நான்தான் சார்' என்று இரண்டு வார்த்தை சொல்வதைவிட, டிரெய்லருக்கு இடதுபக்கம் மண்ணில் இறங்கிப் பறப்பது எனக்கு அன்றைக்கு எவ்வளவோ சுலபமாக இருந்தது. மேகலாக்கா அதைச் சரியாகத்தான் பார்த்திருந்தார்.